பிணை நிற்கும் பல்கலைக்கழகம்: பெங்களூருவின் அயல்நாட்டு ஆசிரியர்கள், 1910 முதல் இன்றுவரை

வெளிநாட்டிலிருந்து ஓர் ஆசிரியரைப் பணிக்கு அழைக்க ஒரு பல்கலைக்கழகம் நினைத்தால், பதிவாளர் அலுவலகத்தில் முதலில் எழும் பேச்சு விசாவைப் பற்றியதாகத்தான் இருக்கும். உண்மையில் விசா கடைசியில் வரும் காரியம். அதற்கு முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்திருக்க வேண்டும். வருபவருக்கு யார் பொறுப்பு? அவருடைய ஊதியம் யார் பணத்திலிருந்து, எவ்வளவு? அவர் அமரப்போவது யாருடைய இடத்தில்? இந்த மூன்றுக்கும் தெளிவான விடை இருந்த இடங்களில் அயல்நாட்டு ஆசிரியர்கள் முப்பது ஆண்டுகள்கூட வேரூன்றி நின்றார்கள். ஒன்றுக்கு விடை இல்லாமல் போனாலும் உலகப் புகழ்பெற்றவர்களே ஆறு மாதத்தில் மூட்டை கட்டினார்கள்.

பெங்களூருவின் பழைய கண்டோன்மென்ட் பகுதியான ரிச்சர்ட்ஸ் டவுனையும், அங்கிருந்து மேற்கே சில கல் தொலைவிலுள்ள இந்திய அறிவியல் கழகத்தையும் மையமாக வைத்து, இந்த மூன்று கேள்விகள் நூறு ஆண்டுகளில் எப்படியெல்லாம் விடை கண்டன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இன்றைய விசா விதிகள் அயல்நாட்டவர்மீது மிகுந்த கவனம் செலுத்துகின்றன. அழைத்து வந்த நிறுவனம் அவருக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றி அவை ஏறக்குறைய மௌனமாக இருக்கின்றன. வரலாற்றில் பெரிய தோல்விகள் நேர்ந்ததோ அந்த இரண்டாம் இடத்தில்தான்.

சபைகள் பொறுப்பேற்ற காலம்

1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்பிப் போனபோதும், பெங்களூரு கண்டோன்மென்ட் மட்டும் பிரிட்டிஷ் ரெசிடென்டின் நிர்வாகத்திலேயே தங்கிவிட்டது. 1947 ஜூலையில்தான் அது மைசூரோடு மீண்டும் சேர்ந்தது. 1898இன் கொள்ளைநோய்க்குப் பிறகு, நெரிசல் மிகுந்த பழைய குடியிருப்புகளுக்கு மாற்றாகப் புதிய விரிவாக்கங்கள் எழுந்தன. ஃப்ரேசர் டவுன், குக் டவுன், பென்சன் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் என்று வெள்ளை அதிகாரிகளின் பெயர்களே அவற்றுக்குச் சூட்டப்பட்டன. ரிச்சர்ட்ஸ் டவுன் என்ற பெயருக்குரிய எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தமிழ் வாசகர்களுக்கு இன்னொரு வழியிலும் தெரிந்தவர். 1918இல் வெளிவந்த சேலம் மாவட்ட கெசட்டியர் அவர் எழுதியது. பெங்களூருவின் மிதிக் சொசைட்டி 1909இல் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே.

தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்ந்த இந்தக் கண்டோன்மென்டில் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடத்தியவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். ரிச்சர்ட்ஸ் டவுனின் கிளாரன்ஸ் பள்ளியை 1914இல் தொடங்கிய ரெட்வுட் சகோதரர்கள் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். பக்கத்துப் பென்சன் டவுனில், மில்லர்ஸ் ரோட்டில் உள்ள ஐக்கிய இறையியல் கல்லூரி 1910இல் தொடங்கியது. பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் பல மிஷன் சங்கங்கள் சேர்ந்து நடத்திய கல்லூரி அது. அதன் முதல் முதல்வராக 1911 முதல் 1924 வரை இருந்த எல். பி. லார்சன் டென்மார்க்கைச் சேர்ந்தவர். 1889இல் டேனிஷ் மிஷன் ஊழியராகச் சென்னைப் பக்கம் வந்து தமிழ் கற்றவர். கல்லூரிப் பொறுப்பிலிருந்து விலகிய பிறகு தமிழ் விவிலியத் திருத்தத்தின் தலைமைப் பணி அவரிடம் வந்தது. 1930களில் வெளிவந்த அந்தத் திருத்தப் பதிப்பு இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது.

லார்சனைப் போன்றவர்களுக்கு நம் மூன்று கேள்விகளும் எளிதாகவே தீர்ந்துவிட்டன. பொறுப்பு மிஷன் சங்கத்துடையது. ஊதியம், வீடு, கப்பல் கட்டணம், விடுமுறையில் தாய்நாடு போய்வரும் செலவு எல்லாம் சங்கத்தின் கணக்கு. அவர் அமரும் இடமும் சங்கமே உண்டாக்கிய இடம் என்பதால் உள்ளூர்க்காரர் எவரிடமிருந்தும் பறித்ததாகப் பேச்சு எழவில்லை. வேலை தருபவர், வீடு தருபவர், அரசிடம் ஜாமீன் நிற்பவர் மூவரும் ஒருவராகவே இருந்ததால்தான் அந்த ஏற்பாடு அவ்வளவு நிலைத்து நின்றது.

முதல் உலகப் போர் இந்த ஏற்பாட்டைச் சட்டபூர்வமாகவே இறுக்கியது. ஜெர்மன் மிஷனரிகள் முகாம்களில் அடைக்கப்பட்டுப் பிறகு நாட்டைவிட்டே அனுப்பப்பட்டார்கள். போர் முடிந்ததும், பிரிட்டிஷார் அல்லாத மிஷன் ஊழியர்களுக்குக் காலனி அரசு ஒரு நிபந்தனை வைத்தது. சட்டப்படி அமைந்த அரசுக்கு உரிய கீழ்ப்படிதலைக் காட்டுவதாகவும் அரசியலில் தலையிடுவதில்லை என்றும் உறுதிமொழி தரவேண்டும். அனுப்பும் சங்கம் அவருடைய நடத்தைக்குப் பொறுப்பேற்க வேண்டும். 1920இல் இந்தியப் பாஸ்போர்ட் சட்டமும் வந்தது. அயலாரின் நன்னடத்தைக்கு அழைத்தவரைப் பொறுப்பாக்கும் இன்றைய விதியின் பழைய வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது.

அந்த உறுதிமொழி வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதற்கு மதுரை சாட்சி. அமெரிக்கன் மதுரை மிஷனில் பணிபுரிந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான் கதர் உடுத்தி, தேசிய இயக்கத்தாரோடு நெருங்கிப் பழகியவர். 1930இல் அவர் இந்தியாவைவிட்டுப் போக நேர்ந்தது. அரசு நேராக அவரைக் கையைப் பிடித்து வெளியேற்ற வேண்டியிருக்கவில்லை. பொறுப்பேற்ற மிஷன்மீது அழுத்தம் கொடுத்தாலே போதுமாக இருந்தது. பிணை நிற்பவரைப் பிடித்தால் பிணையில் இருப்பவர் தானே அடங்குவார் என்பது இந்த முறையின் அடிப்படைத் தர்க்கம். கெய்த்தான் பின்னாளில் திரும்பி வந்து காந்திகிராமத்தோடு தன்னைப் பிணைத்துக்கொண்டார் என்பது வேறு கதை.

இதே முறையின் நல்ல விளைவுக்குத் தமிழ்நாட்டில் சார்ல்ஸ் ரசீன் பாதிரியாரைக் காட்டலாம். பிரான்சில் எலி கார்த்தானிடம் கணிதம் பயின்ற இந்த இயேசு சபைத் துறவி 1937இல் இந்தியா வந்தார். திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் பிறகு சென்னை லயோலாவிலும் கற்பித்தார். சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன், சி. பி. ராமானுஜம் ஆகியோர் அவரிடம் படித்தவர்கள். சுதந்திர இந்தியாவின் கணிதத்தில் அவர் கைபட்ட மாணவர்களின் பங்கு மிகப் பெரியது. ஆண்டுக்கொரு முறை பதவி நீளுமா என்ற கவலையில் ஒருவர் கழித்திருந்தால் இப்படி ஒரு தலைமுறையை உருவாக்கியிருக்க முடியாது. சபையின் பிணை அவருக்குக் காலத்தைக் கொடுத்தது.

மாக்ஸ் பார்ன்: பதவி கிடைக்காத மேதை

மிஷனின் நிழல் இல்லாத ஓர் உயர்கல்வி நிறுவனம் வெளிநாட்டவரை அழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, பெங்களூருவிலேயே நன்கு பதிவான ஒரு நிகழ்வு இருக்கிறது.

இந்திய அறிவியல் கழகம் 1909இல் உருவானது. டாட்டாவின் கொடையும் மைசூர் அரசு அளித்த 371 ஏக்கர் நிலமும் அதற்கு அடித்தளம். டிராவர்ஸ், பார்ன், ஃபார்ஸ்டர் என்று முதல் மூன்று இயக்குநர்களும் பிரிட்டிஷார். (இந்த ஆல்ஃபிரட் பார்ன் வேறு; நாம் பேசப்போகும் மாக்ஸ் பார்ன் வேறு.) 1933இல் சி. வி. ராமன் முதல் இந்திய இயக்குநராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து, யூதப் பேராசிரியர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். கோட்டிங்கனில் குவாண்டம் இயங்கியலின் அடித்தளங்களை வகுத்தவர்களில் ஒருவரான மாக்ஸ் பார்ன் அந்த ஏப்ரலிலேயே பதவியிழந்தார். கேம்பிரிட்ஜில் தற்காலிகமான ஓரிடம் கிடைத்தது. அது எத்தனை நாள் நீடிக்கும் என்று தெரியாத நிலையில் ராமனின் அழைப்பு வந்தது.

1935 இலையுதிர்காலத்தில் பார்ன் மனைவி ஹெட்விக்குடன் பெங்களூரு வந்து சேர்ந்தார். ஏறக்குறைய ஆறு மாதம் தங்கி விரிவுரைகள் நிகழ்த்தினார். ராமனின் திட்டம் அதைவிடப் பெரியது. கணித இயற்பியலுக்கு நிரந்தரப் பேராசிரியர் இருக்கை ஒன்றை உண்டாக்கி, அதில் பார்னை அமர்த்திவிட வேண்டும் என்று அவர் விரும்பினார். ஐரோப்பா விரட்டும் அறிஞர்களைச் சேர்த்துக்கொண்டால் பெங்களூரு ஒரே தாவலில் உலக அறிவியலின் முன்வரிசைக்கு வந்துவிடும் என்ற கணக்கு அவருக்கு இருந்தது.

திட்டம் கழகத்தின் ஆசிரியர் கூட்டத்துக்கு வந்தது. ராமன் பார்னை உச்சத்தில் வைத்துப் புகழ்ந்து பேசினார். அடுத்து எழுந்த மின்தொழில்நுட்பப் பேராசிரியர் ஆஸ்டன், பார்ன் குடும்பத்தோடு நட்பாகப் பழகிவந்த ஆங்கிலேயர். தன் நாட்டாலேயே துரத்தப்பட்ட இரண்டாந்தர அயலான் நமக்கு எதற்கு என்ற பொருள்படப் பேசி முன்மொழிவை எதிர்த்தார். கூட்டத்தில் இருந்த பார்ன் வீடு திரும்பியதும் அழுதுவிட்டதாகத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். இருக்கை உருவாகவில்லை. மாஸ்கோவிலிருந்து இயற்பியலாளர் கபிட்சாவின் அழைப்பு இருந்தது, அதையும் பார்ன் பரிசீலித்தார். அதற்குள் எடின்பரோவின் டெய்ட் இருக்கை கிடைத்து, 1936இல் அங்கே போய்விட்டார். 1954இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையை ஆஸ்டனின் குணக்கேடாக மட்டும் சுருக்கிவிட்டால் பாதிதான் புரியும். கேள்விகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கலாம். பார்னுக்குப் பொறுப்பு யார்? கழகம் அல்ல, ராமன் என்ற தனிமனிதர். ராமனுக்கோ கழகத்துக்குள் எதிரிகள் நிறைய. வேதியியலையும் தொழில்துறை ஆய்வையும் ஒதுக்கிவிட்டு இயற்பியலுக்கே பணத்தைக் கொட்டுகிறார் என்ற குற்றச்சாட்டு வலுத்து, 1936இல் ஜேம்ஸ் இர்வின் தலைமையில் விசாரணைக் குழுவே அமைந்தது. 1937இல் ராமன் இயக்குநர் பதவியைவிட்டு இறங்க நேர்ந்தது, பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். ஊதியம் எங்கிருந்து? ஏற்கெனவே சண்டையில் இருந்த அதே நிதியிலிருந்து. யாருடைய இடம்? எவருடையதும் அல்லாத, புதிதாக உருவாக்க வேண்டிய இடம். ஆகவே மற்ற எல்லாத் துறைகளும் அதைத் தம் பங்கிலிருந்து வெட்டப்படும் துண்டாகப் பார்த்தன. மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் உறுதியான விடை இல்லை. பார்ன் இந்தியாவுக்குள் நுழைவதற்கு எந்த அதிகாரியும் குறுக்கே நிற்கவில்லை. உள்ளே வந்தவருக்கு உட்கார நாற்காலி இல்லை.

இதில் சட்டத்தின் கோணத்தில் ஒரு முரண் உண்டு. அன்றைய இந்தியாவில் பிரிட்டிஷ் குடிமக்கள் அயலாராகவே கருதப்படவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஆஸ்டன் சட்டத்தின் பார்வையில் உள்ளூர்க்காரர், பார்ன் அயலான். யார் அந்நியர் என்பதை மண்ணின் மக்கள் தீர்மானிக்காத காலம் அது.

கல்கத்தாவும் அலிகாரும்

பார்னின் கதை தவிர்க்க முடியாத விதி அல்ல என்பதைக் கல்கத்தா காட்டுகிறது. லைப்சிக்கில் பதவியிழந்த இன்னொரு யூதக் கணிதவியலாளர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் லெவி. அவர் 1935 வாக்கிலேயே கல்கத்தா பல்கலைக்கழகத்தின் ஹார்டிஞ்ச் பேராசிரியராக அமர்ந்து 1948 வரை இருந்தார். பிறகு மும்பையின் டாட்டா ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றார். ஹார்டிஞ்ச் இருக்கை பல்கலைக்கழகத்தில் முன்பே இருந்த ஒன்று. அதிலிருந்த கணேஷ் பிரசாத் 1935 மார்ச்சில் இறந்ததால் காலியாகியிருந்தது. இருக்கையும் அதற்குரிய ஊதியமும் ஏற்கெனவே இருந்ததால், லெவியின் நியமனத்தால் வேறு எந்தத் துறைக்கும் நட்டமில்லை. லெவி நிலைத்தது பார்னைவிடப் பெரிய அறிஞர் என்பதால் அல்ல. நிறுவனத்தின் கணக்கேட்டில் அவருக்கு ஏற்கெனவே ஒரு வரி இருந்தது.

அலிகார் வேறு வகை. 1930இல் துணைவேந்தர் ராஸ் மசூத் 23 வயதே ஆன பிரெஞ்சுக்காரர் ஆந்த்ரே வெய்யைக் கணிதப் பேராசிரியராக அமர்த்தினார். பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த கணிதவியலாளர்களுள் ஒருவராக ஆனவர் வெய். இரண்டே ஆண்டில் அவருடைய பதவி போயிற்று. ராமனும் மசூதும் ஒரே வழியில் போனவர்கள்: நிறுவனத் தலைவரின் தனிப்பட்ட நம்பிக்கையே அழைப்புக்கு ஆதாரம். தலைவரின் செல்வாக்குச் சரிந்தால் விருந்தாளியின் இருப்பும் சரியும்.

அரசே பொறுப்பேற்றபோது

1939இல் அயலார் பதிவுச் சட்டமும், 1946இல் அயலார் சட்டமும் வந்தன. சுதந்திர இந்தியா இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டது. மிஷனரிகள்மீது சந்தேகம் வளர்ந்த காலத்தில் சபைகளின் பிணை பலமிழந்தது. அந்த இடத்துக்கு அரசுகளே வந்தன.

சென்னை ஐஐடி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேற்கு ஜெர்மனியின் உதவிக்கான பேச்சு 1956இல் தொடங்கி, 1959இல் பான் நகரில் ஒப்பந்தமாயிற்று. அதன்படி ஜெர்மன் பேராசிரியர்களும் பட்டறைத் தொழில் வல்லுநர்களும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வந்தார்கள். ஆய்வகக் கருவிகளும் வந்தன. இந்திய ஆசிரியர்கள் ஜெர்மனிக்குப் பயிற்சிக்குச் சென்றார்கள். மூன்று கேள்விகளுக்கும் ஒப்பந்தத்திலேயே விடை இருந்தது: பொறுப்பு இரண்டு அரசுகளுடையது, ஜெர்மன் ஆசிரியர்களின் செலவில் பெரும்பகுதி ஜெர்மனியுடையது, இடமோ பயிற்சி முடித்துத் திரும்பும் இந்தியருக்காகத் தற்காலிகமாகக் காக்கப்பட்டது. போகும் நாள் தெரிந்தே வந்தவர்கள் என்பதால் இடத்தைப் பறித்த புகார் எழ வாய்ப்பில்லை. தற்காலிகப் பணி என்பது குறைபாடாக இல்லாமல் திட்டத்தின் உறுப்பாகவே இருந்த அரிய நேர்வு இது.

இன்றைய விதிகள்

இன்று ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு வடக்கே ஹென்னூர், கொத்தனூர் வரை தனியார் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் வரிசைகட்டி நிற்கின்றன. கம்மனஹள்ளியிலும் கல்யாண் நகரிலும் வெளிநாட்டு மாணவர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். வெளிநாட்டு ஆசிரியர்கள் மட்டும் அரிது. காரணம் தேட விதிகளை நோக்கித்தான் போக வேண்டும்.

அயல்நாட்டவரை முழுநேரப் பணிக்கு அமர்த்த வேலைவாய்ப்பு விசா தேவை. நியமன ஆணை, ஊதியத்தோடு கூடிய பணி ஒப்பந்தம், இந்த ஆள் ஏன் தேவை என்று விளக்கும் நிறுவனத்தின் கடிதம் ஆகியவற்றோடு, அவர் தன் சொந்த நாட்டிலுள்ள, அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நிலையாக வசிக்கும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தகுதியுள்ள இந்தியர்கள் கிடைக்கும் வேலைக்கும், வழக்கமான எழுத்தர் வேலைகளுக்கும் இந்த விசா கிடையாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர் இறங்கிய 14 நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்று எல்லோரும் சொல்லும் அயலார் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். பெங்களூருவில் அது சாந்திநகர் பஸ் நிலையக் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. 2018 முதல் பெரும்பாலான வேலை இணையத்திலேயே முடிகிறது. பதிவும் நீட்டிப்பும் அங்கேதான், நீட்டிப்புக்கு உச்சவரம்பும் உண்டு. ரிச்சர்ட்ஸ் டவுனில் தன் மாடி வீட்டை அப்படி வந்த ஆசிரியருக்கு வாடகைக்கு விடுபவரும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. ‘சி’ படிவம் என்று பழகிப்போன அறிவிப்பை 24 மணி நேரத்துக்குள் அவர் அனுப்பியாக வேண்டும்.

அழைக்கும் நிறுவனம் இரண்டு உறுதிகளைத் தருகிறது. தங்கியிருக்கும் காலத்தில் அயல்நாட்டவரின் நடத்தைக்கு அது பொறுப்பு. விசா முடிந்ததும் அவர் நாட்டைவிட்டுப் போவதற்கும் அது பொறுப்பு. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அயலார் சட்டம் 1920, 1939, 1946ஆம் ஆண்டுச் சட்டங்களை நீக்கி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. ஆனாலும் உள்ளே ஓடும் தர்க்கம் முதல் உலகப் போருக்குப் பின்னான அந்த உறுதிமொழியின் தர்க்கமே.

ஊதியக் கேள்விக்கு இன்றைய விடை ஒரு கோடு. வேலைவாய்ப்பு விசாவில் வருபவரின் ஆண்டு ஊதியம் 16.25 லட்ச ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும். இந்தியர் செய்யும் வேலையைக் குறைந்த கூலிக்கு அயலாருக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பது இதன் நியாயம். மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களில் கற்பிக்க வருபவர்களுக்கு மட்டும் இந்த வரம்பு 9.10 லட்சமாகத் தளர்த்தப்பட்டது.

இந்த இரண்டு எண்களையும் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஏழாவது ஊதியக் குழு அட்டவணையோடு ஒட்டிப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 57,700 ரூபாய், ஆண்டுக்கு ஏறத்தாழ 6.92 லட்சம். படிகளைச் சேர்த்தால் 9.10 லட்சத்தைத் தாண்டிவிடும். 16.25 லட்சத்தை எட்டாது. பேராசிரியரின் அடிப்படை ஊதியம் 1,44,200. படிகள் இல்லாமலே ஆண்டுக்கு 17 லட்சத்துக்கு மேல். அதாவது மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்று முனைவர் பட்டம் முடித்த இளம் அயல்நாட்டு ஆய்வாளரை உதவிப் பேராசிரியராகச் சேர்க்கலாம். அதே ஊரிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகம் அதே ஊதிய அட்டவணையில் அதே ஆளைச் சேர்க்க முடியாது. அதற்கு மூத்த ஆசிரியரைத் தேட வேண்டும். மூத்தவர்கள் தங்கள் நாட்டில் வேர்விட்டவர்கள், வரத் தயங்குவார்கள். வரக்கூடிய வயதிலுள்ளவரை விதி தடுக்கிறது, விதி அனுமதிப்பவர் வருவதில்லை. இந்தியாவின் உயர்கல்வி மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும் படிக்கிறார்கள் என்பதை நினைத்தால் இந்தக் கோட்டின் கனம் புரியும்.

கோட்டுக்கு விலக்கும் உண்டு. ஆங்கிலம் தவிர்த்த பிற மொழிகளைக் கற்பிப்பவர்களுக்கு இந்த வரம்பு கிடையாது. ஜெர்மன், பிரெஞ்சு, ஜப்பானிய மொழி ஆசிரியர்களை அழைப்பது ஒப்பளவில் எளிது. உள்ளூரில் கிடைக்காத திறமைக்கு ஊதிய வரம்பு தேவையில்லை என்ற நியாயத்தை விதியே ஒப்புக்கொள்கிறது. பெங்களூருவில் ஹிட்டைட் கல்வெட்டு படிக்கக் கற்பிப்பவரோ, தென்கிழக்காசியத் தொல்லியல் கற்பிப்பவரோ தேவைப்பட்டால் அந்த நியாயம் அவருக்கும் பொருந்த வேண்டும். பொருந்துவதில்லை.

வருங்கால வைப்பு நிதியில் இன்னொரு சிக்கல். அந்தத் திட்டத்தில் 2008 அக்டோபரில் சேர்க்கப்பட்ட 83ஆம் பத்தி, நம் நாட்டோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லாத நாடுகளின் ஊழியர்களை எவ்வளவு ஊதியம் பெற்றாலும் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. பங்களிப்பு முழு ஊதியத்தின்மீது. எடுக்கவோ பொதுவாக 58 வயதுவரை காத்திருக்க வேண்டும். மூன்றாண்டு ஒப்பந்தத்தில் வந்த முப்பது வயது ஆசிரியரின் சேமிப்பு கால் நூற்றாண்டுக்கு மேல் இங்கே முடங்கும். இதை எதிர்த்தவற்றில், வெளிநாட்டு ஆசிரியர்களை அமர்த்தும் பெங்களூருவின் ஸ்டோன்ஹில் பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் வழக்கே முன்னோடி. 2024 ஏப்ரல் 25 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம் அந்தப் பத்தியை அரசமைப்புக்கு முரணானது என்று அறிவித்தது. 2025 நவம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் அதற்கு எதிரான நிலையை எடுத்தது. ஒரே நாட்டில் இரு நகரங்களின் அயல்நாட்டு ஆசிரியர்களுக்கு இரு வேறு நியாயங்கள் நிற்கின்றன.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் ஓ.சி.ஐ. அட்டையோடு திரும்பினால் வேலைவாய்ப்பு விசாவே தேவையில்லை. 2021 மார்ச் அறிவிப்பின்படி ஆராய்ச்சி செய்ய அவரும் தனி அனுமதி பெற வேண்டும். கற்பிக்கலாம், ஆராய முன் அனுமதி வேண்டும் என்ற பிரிவினை பல்கலைக்கழகம் என்ற அமைப்பின் இயல்புக்கே ஒத்துவராதது.

இந்தச் சிடுக்குகளை அரசு அறியாமல் இல்லை. 2015இல் தொடங்கிய ஜியான், 2017இல் தொடங்கிய வஜ்ரா ஆகிய திட்டங்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு போகின்றன. ஜியான் திட்டத்தில் ஓரிரு வாரம் வந்து பாடம் நடத்தும் வெளிநாட்டு அறிஞருக்கு 8,000 முதல் 12,000 டாலர்வரை கிடைக்கும். வஜ்ராவில் ஒன்று முதல் மூன்று மாதம். வருகை முடியும் தேதி முன்பே தெரிவதால் பொறுப்பு, ஊதியம், இடம் எதுவும் சிக்கலாவதில்லை. ஆனால் ரசீன் போல ஒரு தலைமுறையை வளர்க்கும் ஆசிரியரை இந்தத் திட்டங்கள் தர முடியாது.

ஒருவழிப் பிணை

அமெரிக்காவில் தமிழர்கள் நன்கறிந்த எச்1பி விசாவை ஒப்புநோக்கினால் நம் முறையின் குறை தெளிவாகும். அங்கே விண்ணப்பிப்பதே நிறுவனம். அந்த வட்டாரத்தில் அந்த வேலைக்கு வழங்கப்படும் ஊதியத்தைக் கொடுப்பதாக அது தொழிலாளர் துறையிடம் உறுதி தர வேண்டும். ஆறு ஆண்டுகள்வரை நீளும் இந்த விசாவின் காலம் முடியுமுன் ஆளை வேலையிலிருந்து நிறுத்தினால், ஊர் திரும்பும் பயணச் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். வேறு நிறுவனம் விண்ணப்பித்தால் ஊழியர் நாட்டைவிட்டுப் போகாமலே மாறலாம். பல்கலைக்கழகங்களுக்கு ஆண்டு உச்சவரம்பும் இல்லை. அந்த முறைக்கும் தன் கொடுமைகள் உண்டு; 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு விதிக்கப்பட்ட ஒரு லட்சம் டாலர் கட்டணம் அவற்றில் அண்மையது. ஆனாலும் அங்கே பிணை நிறுவனத்தை ஊழியரிடமும் கடமைப்படுத்துகிறது.

இந்தியாவில் வேலைவாய்ப்பு விசாவில் இருப்பவர் சில விதிவிலக்குகள் தவிர நாட்டுக்குள்ளேயே வேலை மாற முடியாது. நாட்டைவிட்டுப் போய்ப் புது விசாவோடு திரும்பி வர வேண்டும். நிறுவனம் அவருடைய நடத்தைக்கு அரசிடம் பொறுப்பு. அவருடைய பதவியின் நிலைப்புக்கு அவரிடம் பொறுப்பேற்க விசா விதி எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை. துணைவேந்தர் மாறினால், நிதி சுருங்கினால், துறைக்குள் கட்சி பிரிந்தால், அயல்நாட்டு ஆசிரியரே முதலில் அடிபடுகிறார். அவருக்கு உள்ளூர் ஆசிரியருக்கு இருக்கும் சங்கமும் கிடையாது, வேறு கல்லூரிக்குத் தாவும் வழியும் கிடையாது.

இதற்கு மாற்றுக்கள் கடினமானவை அல்ல. 9.10 லட்ச வரம்பை மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் நீட்டலாம். உள்ளூரில் கிடைக்காத துறை என்று பல்கலைக்கழகம் பகிரங்கமாக விளம்பரம் செய்து நிறுவினால் அந்த வரம்பையும் தளர்த்தலாம். விளம்பரம் செய்வது ‘யாருடைய இடம்’ என்ற சந்தேகத்தையும் கூட்டங்களில் எழும் முன்பே தீர்க்கும். நியமன ஒப்பந்தத்தில் நிதியின் மூலத்தையும், காலத்துக்கு முன் நிறுத்தினால் தரவேண்டிய இழப்பீட்டையும், திரும்பும் பயணச் செலவையும் கட்டாயமாக எழுதச் சொல்லலாம். ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு நாட்டுக்குள்ளேயே மாற எஃப்.ஆர்.ஆர்.ஓ. அலுவலகமே அனுமதி தரலாம்.

பார்ன் போனதற்கும் லெவி நிலைத்ததற்கும் இடையிலிருந்த வேறுபாடு அரசின் தாராளமோ கடுமையோ அல்ல. ஒரு பல்கலைக்கழகம் அழைப்புக் கடிதம் எழுதுமுன் இருக்கையையும் நிதியையும் தயாராக வைத்திருந்தது, இன்னொன்று வைத்திருக்கவில்லை. உலகத் தரம் பேசும் நிறுவனங்கள் விசா அதிகாரியைக் குறைசொல்வதற்கு முன் தம் ஆட்சிக்குழுத் தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். யார் பேரில், எந்த நிதியில், எந்த இருக்கைக்கு அழைக்கிறோம் என்று அதில் எழுத முடியாத பல்கலைக்கழகத்துக்கு, வேறொரு நாட்டில் வாழும் ஒருவரைத் தன் வேலையையும் வீட்டையும் விட்டுவிட்டு வரச்சொல்லும் உரிமை கிடையாது.